திருத்தணிப் படிகளில் ஒரு பழைய காமிரா

அரக்கோணத்தைத் தாண்டி ரயில் வடக்கே திரும்பியதும் ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்கள். திருத்தணி மலை தெரிகிறது என்று அர்த்தம். சென்னையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர்தான். விடிகாலை வண்டியைப் பிடித்துவிட்டால் வெயில் ஏறுவதற்குள் படி ஏறி முடித்துவிடலாம். கைக்குழந்தையோடு போகும் தாய்மார்களுக்கு அதுதான் நல்லது.

ஆறுபடை வீடுகளில் ஐந்தாவது இது. சூரனோடு போட்ட சண்டையின் கோபம் தணிந்து முருகன் வந்து அமர்ந்த இடம். அதனால்தான் தணிகை என்று பெயர். கந்தசஷ்டிக்கு மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும். இங்கே கிடையாது, அன்றைக்கு மலர் அர்ச்சனைதான். எங்கள் தெருவில் ஒரு மாமி, கணவருக்குக் கோபம் வரும்போதெல்லாம் தணிகை முருகனுக்கு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைப்பார். வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நல்ல தொகையே தேறுமாம்!

இந்தத் தடவை நாங்கள் போனது என் தங்கையின் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதற்காக. குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருந்தது. பிறந்த நாளிலிருந்து தங்கை எடுத்த படங்கள் எல்லாம் அவளுடைய கைபேசிக்குள் இருந்தன. ஐப்பசி மழையில் ஒரு நாள் போன் தண்ணீரில் விழுந்தது. பழுது பார்க்கிறவர் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். பேர் வைத்தது, குப்புறக் கவிழ்ந்தது, முதல் பல், தவழ்ந்து போய் ரசம் சொம்பைக் கவிழ்த்தது... ஒன்றும் இல்லை. ஒரு துண்டுக் காகிதப் படம்கூடக் கையில் கிடையாது. நாலு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம்தான் எனக்குப் போன் வந்தது.

"அக்கா, மாமாவோட அந்தப் பெரிய காமிரா இன்னும் இருக்கா? மொட்டைக்கு அதைக் கொண்டு வா. எனக்குக் கையில பிடிச்சுப் பார்க்கிற மாதிரி படம் வேணும்."

இருந்தது. 2009-ல் என் மகன் பிறந்தபோது என் கணவர் ஆசையாக வாங்கிய கேனான் இ.ஓ.எஸ். 1000டி. அவனுக்கு மொட்டை போட்ட படமெல்லாம் அதில் எடுத்ததுதான். அவன் இப்போது என்னைவிட உயரம். இடையில் வந்த செல்போன்கள் காமிராவை அலமாரிக்குள் தள்ளிவிட்டன. போன வருஷம் அதை விற்றுவிடலாமென்று என் கணவர் விசாரித்தார். கடைக்காரர் சொன்ன விலைக்கு ஒரு சுமாரான பட்டுப்பாவாடைதான் வரும். "இந்த விலைக்கு வேண்டாங்க, கிடக்கட்டும்" என்று நான்தான் தடுத்துவிட்டேன்.

"அம்மா, என் போன்லயே 50 மெகாபிக்சல். அது வெறும் 10!" என்று மகன் சிரித்தான். சிரிக்கட்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தக் காமிராவின் படம் அகலத்தில் 3888 புள்ளி, உயரத்தில் 2592 புள்ளி. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அப்படியானால் 12 அங்குலத்துக்கு 8 அங்குலப் படம் தாராளமாக வரும். ஆல்பத்தில் ஒட்டும் 4-க்கு 6 படத்துக்கோ 1800-க்கு 1200 புள்ளி போதும். அதாவது இரண்டே கால் மெகாபிக்சலுக்கும் குறைவு! நம் வீட்டுச் சுவரில் காலண்டருக்கும் சாமி படத்துக்கும் போக, இதைவிடப் பெரிய படம் மாட்ட எங்கே இடம் இருக்கிறது, சொல்லுங்கள்.

'டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.' என்று பெரிய பேர் இருக்கிறதே தவிர, உள்ளே இருப்பது எளிய சங்கதிதான். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் சாய்வாக வைத்த ஒரு சின்னக் கண்ணாடியில் பட்டு, மேலே போய்த் திரும்பி, நம் கண்ணுக்கு வருகிறது. பித்தானை அழுத்தினால் அந்தக் கண்ணாடி 'டக்'கென்று மேலே தூக்கிக்கொள்ளும்; வெளிச்சம் பின்னால் இருக்கும் உணர்தகட்டில் விழும்; படம் ஆயிற்று. 1991-ல் கோடக் கம்பெனி முதன்முதலாக இந்த வகைக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அது 1.3 மெகாபிக்சல். படங்களைச் சேமிப்பதற்குத் தோளில் தனியாக ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு அலைய வேண்டும். இன்றோ கம்பெனிகளின் கவனமெல்லாம் கண்ணாடி இல்லாத புது வகைக் காமிராக்களின் பக்கம் போய்விட்டது. அதனாலேயே பழையவை மலிவாகக் கிடைக்கின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு நல்லதுதானே?

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே காமிராவை வெளியே எடுத்துவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பழைய பாட்டரி சார்ஜ் ஏறினாலும் பத்துப் படத்தில் படுத்துவிடும். எங்களுடையது அப்படித்தான் ஆகியிருந்தது, அதே எல்.பி.-இ5 அளவில் புதிது ஒன்று வாங்கினோம். பாட்டரி உப்பியிருந்தால் அதில் ஆசை வைக்காதீர்கள், குழந்தை கைக்கெட்டாமல் அப்புறப்படுத்திவிடுங்கள். மெமரி கார்டிலும் ஒரு விஷயம் உண்டு. அந்தக் காலத்துக் காமிராக்கள் பலவும் 32 ஜி.பி. வரைதான் ஏற்கும். கடையில் 64, 128 என்று பெரிதாகக் கொடுப்பார்கள். காமிராவைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

முக்கியமான எதிரி பூஞ்சை. நம் ஊர் ஈரக் காற்றில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளையாகப் படரும். தோல் பைக்குள், பட்டுப் புடவைகளுக்கு நடுவில் வைத்தால் சீக்கிரம் வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் மணிகளைத் துணியில் முடிந்து போட்டு, பாட்டரியைத் தனியே கழற்றி வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும். நீல மணிகள் ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகிவிடும். நீலச் சாயத்தில் கோபால்ட் இருப்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சு நிற மணிகளே தேவலை. சமையலுக்கு உதவாத பழைய வாணலியில் மெல்லிய சூட்டில் புரட்டினால் மறுபடியும் பழைய நிறத்துக்கு வரும். பழைய காமிரா வாங்குகிறவர்கள் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். அரிசிப் பானைக்குள் வைப்பது என்ற யோசனையையும் கேட்டிருக்கிறேன். வேண்டாம், தவிட்டுத் தூசி உள்ளே போகும்.

மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையில் கால் நனைத்துவிட்டுப் படியேறத் தொடங்கினோம். வருஷத்து நாள் கணக்குக்கு 365 படிகள். அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைக்காது. அவரைத் தம்பி மலைப்பாதை வழியாக ஆட்டோவில் அழைத்துப் போனான். நானும் தங்கையும் குழந்தையை மாற்றி மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினோம்.

காமிராவும் கனம்தான். உடம்பு மட்டுமே 450 கிராம், லென்ஸ் தனி. கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டால் சாயங்காலம் பிடரி வலிக்கும். பூணூல் மாதிரி குறுக்கே மாட்டிக்கொண்டால் இடுப்போரம் உட்காரும், கையும் வீசி நடக்கலாம்.

எட்டு மணிக்கே படியில் வெயில் விழுந்துவிட்டது. தங்கையின் புதுப் போனில் திரை பளபளத்து, எதை எடுக்கிறோம் என்றே தெரியவில்லை. இங்கேதான் பழசு தன் பெருமையைக் காட்டியது. கண்ணை வைத்துப் பார்க்கும் துளை இருக்கிறதே, அதற்குள் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. மஞ்சள் உடுத்தி ஏறும் ஒரு குடும்பம், படிக்குப் படி குங்குமம் இட்டுக்கொண்டே வரும் ஒரு பெண், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பொடியன். நின்று பார்த்தால்தான் கண்ணில் படுகிறது. போனில் நடந்துகொண்டே எடுப்பேன். இதில் நிற்காமல் எடுக்க முடியவில்லை. (மூச்சு வாங்கும்போது நிற்பதற்கு ஒரு கௌரவமான காரணமும் கிடைத்தது!)

வெயிலில் முகம் எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். தலைக்கு மேல் சூரியன் இருந்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பாக விழும். நிழல் விழும் இடமாகப் பார்த்து உட்கார வைத்து எடுத்தால் முகம் மிருதுவாக வரும்.

பூக்காரம்மா தெலுங்கில் விலை சொன்னார். மேலே வந்து சேர்ந்திருந்த அம்மா தெலுங்கிலேயே பேரம் பேசினார்! அம்மாவின் பிறந்த வீடு இந்தப் பக்கத்துக் கிராமம். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்நின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் தீர்ப்பின்படி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இன்றும் கடைத்தெருவில் இரண்டு பாஷையும் ஒரே மூச்சில் கேட்கும். குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்ததும் இந்த ஊரில்தான். அவருடைய பிறந்த நாளைத்தானே நம் பிள்ளைகள் ஆசிரியர் தினம் என்று கொண்டாடுகிறார்கள்!

மொட்டைக்கு இப்போது கட்டணம் இல்லை. 2021-லிருந்து அறநிலையத்துறைக் கோயில்களில் இலவசமாகவே செய்கிறார்கள். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்தோம். படம் எடுக்கலாமா என்று கேட்டேன். தள்ளி நின்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கு வழி வைத்திருந்தேன். காமிராவோடு வந்த லென்ஸ் தவிர 50 எம்.எம். லென்ஸ் ஒன்று உண்டு. இந்தக் காமிராவின் உணர்தகடு சிறிது என்பதால் அது 80 எம்.எம். மாதிரி வேலை செய்யும். ஆறேழு அடி தள்ளி நின்றாலும் குழந்தை பெரிதாகவே படத்தில் விழும். அதன் வாய் அகலம் மற்ற லென்ஸைவிடப் பெரிதென்பதால் பின்னால் இருக்கும் கூட்டமெல்லாம் மங்கி, முகம் மட்டும் தெளிவாக நிற்கும். யாராவது பழைய காமிரா வைத்துக்கொண்டு புதிது வாங்கலாமா என்று என்னைக் கேட்டால், முதலில் இந்த லென்ஸை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

தண்ணீர் தலையில் பட்டதும் குழந்தை வீறிட்டது. நானும் 'டக்'கென்று அழுத்தினேன். அந்தச் சத்தம் கேட்டு, அழுகையை நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பிக் கண்ணை அகல விரித்தது பாருங்கள்! மறுபடியும் 'டக்'. பித்தானை அழுத்திய கணமே படம் விழுவது இந்த வகைக் காமிராவின் குணம். பாதி மொட்டையும் பாதிச் சுருட்டை முடியும் கன்னத்தில் வழியும் கண்ணீருமாக அந்த ஒரு படம் கிடைத்தது. தங்கை பின்னால் வந்து சின்னத் திரையில் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

காது குத்தும்போது நான் அழுத்தவில்லை. அதையெல்லாம் படம் எடுத்து என்ன செய்யப் போகிறோம்? குத்தி முடிந்து, மாமன் மடியில் தேம்பித் தேம்பித் தூங்கியதைத்தான் எடுத்தேன். முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணிக்கு வந்தபோது முருகனே ஒரு கிழவராக வந்து வாயில் கற்கண்டு போட்டதாகவும், அதன் பிறகே அவர் முதல் கீர்த்தனையைப் பாடியதாகவும் சொல்வார்கள். அதைச் சொல்லிக்கொண்டே அம்மா குழந்தையின் உதட்டில் கற்கண்டைத் தடவிவிட்டு, மிச்சத்தைத் தன் வாயருகே கொண்டுபோனார். "அம்மா!" என்றேன். சர்க்கரைக்காரர்.

கோயிலுக்குள் காமிரா கூடாது, செல்போனும் கூடாது. 2022-ல் உயர் நீதிமன்றமே கோயில்களில் செல்போனைத் தடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. எனக்கு இது சரியென்றே படுகிறது. மூலவர் எதிரே எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் கும்பிடுவது யார்? நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். முதலில் அம்மாவைத் தரிசனத்துக்கு அனுப்பிவிட்டு நான் வெளியே இருந்தேன். பிறகு அம்மா காமிராப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார், நாங்கள் போனோம். உள்ளே ஒன்றை மறக்காமல் பாருங்கள். சந்நிதிக்கு எதிரே இருக்கும் யானை சுவாமியைப் பார்க்காமல் வெளியே கிழக்கே பார்த்து நிற்கும். தெய்வானைக்குச் சீதனமாக வந்த ஐராவதம் அது. அது போனதால் தன் செல்வம் குறைந்ததென்று இந்திரன் வருந்த, அவன் லோகத்தைப் பார்த்தபடி இருக்கட்டும் என்று முருகன் திருப்பி வைத்தாராம். புகுந்த வீட்டில் இருந்துகொண்டு பிறந்த வீட்டுத் திசையைப் பார்க்கும் யானை! நம் வாசகிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

வெளியே வந்ததும் கையில் விபூதி, சந்தனம், குங்குமம் எல்லாம் இருக்கும். அந்தக் கையோடு லென்ஸைத் தொடாதீர்கள். கை கழுவி, துடைத்து, பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். தூசு விழுந்தால் புடவைத் தலைப்பால் துடைப்பதும் வாயால் ஊதுவதும் கூடாது. ரப்பர் ஊதுகுழல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மலை மேல் காற்றில் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள்.

இதற்கு முடியாத காரியமும் இருக்கிறது. டிசம்பர் 31 இரவு இங்கே படி உற்சவம் நடக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் புத்தாண்டுக்குத் துரைமார்களைப் பார்க்க ஓடியவர்களை, முதலில் தணிகைத் துரையைப் பாருங்கள் என்று திருப்பி, வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்தது என்பார்கள். படிக்குப் படி கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். ஒரு வருஷம் இதே காமிராவோடு போயிருந்தேன். இதில் ஐ.எஸ்.ஓ. 1600-க்கு மேல் கிடையாது. இருட்டில் ரவை தூவினாற்போல் படம் வந்தது. அங்கே இன்றைய செல்போன்தான் கெட்டிக்காரன். வீடியோவும் இந்தக் காமிராவில் எடுக்க வராது. குழந்தை 'அத்தை' என்று மழலையாகச் சொல்வதைப் பிடிக்க வேண்டுமென்றால் போனைத்தான் எடுக்க வேண்டும்.

கீழே இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, மாலை நந்தியாற்றங்கரை வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போனோம். மலைக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே எட்டிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. பல்லவ அபராஜிதவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில் கட்டிய கருங்கல் கோயில். பின்பக்கம் நின்று பார்த்தால் படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி வளைந்த விமானம். சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழுந்து கல்லின் வளைவெல்லாம் எழுந்து நின்றது. அம்மாவைச் சுவரோரம் உட்கார வைத்து, மடியில் மொட்டைத் தலையைக் கொடுத்து, வெளியே நின்று இரண்டு படம் எடுத்தேன்.

மகனின் மொட்டைப் படங்களில் நான் எல்லாவற்றிலும் இருக்கிறேன், என் கணவர் ஒன்றில்கூட இல்லை. இந்த ஆல்பத்தில் அது தலைகீழ். ஹோமாய் வியாரவாலா நினைவுக்கு வந்தார். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். புடவை கட்டிக்கொண்டு கனமான காமிராக்களைச் சுமந்து படமெடுத்தவர். 2011-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். எனக்கு 70 படத்துக்கே தோள் கழன்றுவிட்டது.

ஊர் திரும்பிய மறுநாளே படங்களை இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒன்றைத் தங்கையிடம் கொடுத்து, ஒன்றை அம்மா வீட்டுப் பீரோவில் வைத்தேன். முப்பது படம் 4-க்கு 6 அளவில், இரண்டு மட்டும் 8-க்கு 12 அளவில் அச்சுப் போடக் கொடுத்தோம்.

பெரிய படம் அம்மாவுக்காக. சர்க்கரை அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வருகிறது. (வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், பார்வை நன்றாகவே இருந்தாலும், வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பரிசோதித்துவிடுங்கள்.) போனில் காட்டினால் "நல்லா இருக்கும்மா" என்று பொதுவாகச் சொல்லி வைப்பார். அவருக்குத் தெரியவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

ட்யூப் லைட்டின் கீழே படத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கருகே கொண்டுவந்து, மூலையிலிருந்து மூலைக்கு மெதுவாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பேச்சே இல்லை. தங்கை என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"ஏண்டி," என்றார் கடைசியில், "இவளுக்கு எங்க அம்மா நெத்தி. முடி இருந்ததால இத்தனை நாள் தெரியலை."

பாட்டியின் படம் எங்கள் யாரிடமும் ஒன்றுகூட இல்லை. தங்கை அந்த 8-க்கு 12-ல் இன்னொரு பிரதி சொல்லியிருக்கிறாள்.